காலியான இருக்கை

காலை எட்டு மணிக்கு விளாத்திகுளம் பேருந்து நிலையத்தில் சற்று நின்று பார்த்தால், கரிசல் நிலத்துச் சிற்றூர்கள் பலவும் அங்கே வந்து இறங்குவதைக் காணலாம். வேம்பார், சூரங்குடி ஆகிய ஊர்களிலிருந்தும் புதூர்ப் பக்கத்திலிருந்தும் மாணவர்கள் வருகின்றனர். மிளகாயும் பருத்தியும் விளைவிப்போர் வீட்டுப் பிள்ளையும் கடலில் வலை வீசுவோர் வீட்டுப் பிள்ளையும் பள்ளியில் ஒரே பலகையில் அமர்கின்றனர். ஊரில் தெருக்கள் தனித்தனியே இருக்கலாம். வகுப்பறைக்குள் தெருக்கள் இல்லை. அதனாலேயே ஊர்ப்பகை சில வேளைகளில் வகுப்பறையைத் தேடி வருகிறது.

அது முதலில் மிகச் சிறிய உருவில்தான் வரும். மணிக்கட்டில் ஒரு நிறக் கயிறு, பெயருக்குப் பதிலாக ஒரு பட்டப்பெயர், "நீ போய் வாங்கி வா" என்னும் ஓர் ஏவல். விளையாட்டு என்றே பலரும் அதனைக் கடந்துவிடுவர்.

2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் நிகழ்ந்ததை நாம் மறத்தல் கூடாது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர், உடன் பயின்றோரின் சாதிய இழிவுரைகளையும் ஏவல்களையும் தாங்க இயலாமல் பள்ளிக்கு வருவதையே நிறுத்தினார். பள்ளியிலிருந்து காரணம் கேட்டனர். அவர் நடந்ததைக் கூறினார். அன்றிரவே அவர் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்க முயன்ற தங்கையும் வெட்டுப்பட்டார். வெட்டியவர்களும் பள்ளிச் சிறுவர்களே. நீண்ட மருத்துவத்திற்குப்பின் அம்மாணவர் 2024ஆம் ஆண்டுப் பொதுத்தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் பெற்றார்.

இந்நிகழ்வை ஒட்டி அரசு, ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 ஜூன் மாதம் அளிக்கப்பட்ட அதன் அறிக்கை, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளையும் பிற அடையாளங்களையும் பள்ளிகளில் தடைசெய்யவும், பள்ளிப் பெயர்களிலுள்ள சாதிச் சொற்களை நீக்கவும் பரிந்துரைத்தது. பரிந்துரைகள் தேவையானவையே. எனினும், கயிற்றை ஆணையால் அவிழ்க்கலாம். வகுப்பில் ஓர் இருக்கை காலியாவதை எந்த ஆணை கண்டுபிடிக்கும்? அதனை முதலில் காண்போர் பக்கத்தில் அமர்ந்திருக்கும் மாணவர்களே.

துன்புற்றவரே தனியே வந்து முறையிட வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பது எத்துணைக் கொடிது! தனிக்குரல் எளிதில் அடையாளம் காணப்படும், பழிவாங்கவும் படும். அதே செய்தியை வகுப்பில் ஐவர் சேர்ந்து கூறினால், யார் கூறியது என்ற வினாவே எழாது. இதனைச் சிலர் 'காட்டிக்கொடுத்தல்' என்பர். ஆபத்திலிருக்கும் தோழனுக்காகப் பேசுவதற்கு அச்சொல் பொருந்தாது. நடந்தது என்ன, எந்நாள், எவ்விடம் என்பதைக் குறித்துக்கொண்டு நம்பத்தக்க ஆசிரியரிடம் சேர்ந்து செல்லலாம். பள்ளியில் சொல்ல அஞ்சினால், கல்வி உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 ஆகியவற்றை அழைக்கலாம். இழிவுபடுத்தும் காணொலி கைப்பேசிக்கு வந்தால், அதனைப் பிறருக்கு அனுப்பாமல் ஆசிரியரிடம் காட்டுவதும் இதில் அடங்கும்.

ஆசிரியர்களாகிய நாங்களும் பிழையற்றவர்கள் அல்லர். பல ஆண்டுகளுக்கு முன்பு, முன்வரிசையில் அமர்ந்த மாணவன் ஒருவன் கடைசி வரிசைக்கு மாறினான், பிறகு வரவில்லை. வருகைப் பதிவேட்டில் நாள்தோறும் 'வரவில்லை' என்று குறித்தேன். மாற்றுச் சான்றிதழ் கேட்டு அவன் தந்தை வந்தபோதுதான் காரணம் கேட்டேன். அவர் பதில் கூறவில்லை.

பின்னொரு வருடம், உணவு இடைவேளையில் நான்கு மாணவியர் ஆசிரியர் அறை வாயிலில் தயங்கி நின்றனர். "ஐயா, அவள் மூன்று நாளாக வரவில்லை, காரணம் எங்களுக்குத் தெரியும்" என்றனர். அன்று மாலையே தலைமையாசிரியரும் நானும் அம்மாணவியின் வீட்டிற்குச் சென்றோம். அடுத்த திங்கட்கிழமை அவள் வந்தாள். அந்நால்வருக்கும் நடுவில் அமர்ந்தாள்.