முதல் அறுவைக்கு முன்

முதுகெலும்பின் வலப்பக்கத்தை ஒட்டி மேலேறும் கீழ்ப்பெருஞ்சிரைதான் கால்கள், சிறுநீரகங்கள், கல்லீரல் எல்லாவற்றின் ரத்தத்தையும் இதயத்துக்குக் கொண்டுசேர்க்கிறது. அதன் சுவரிலுள்ள மென்தசையில் மிக அரிதாகப் புற்று கிளம்பும், பெயர் லியோமயோசர்கோமா. 1871இல் பெர்ல் இதை முதன்முதலில் விவரித்தார். பெரும்பாலும் ஐம்பது, அறுபது வயதுப் பெண்களுக்கு வருகிறது. இந்த நோயில் நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான்: முதல் அறுவையே மிகப் பெரிய வாய்ப்பு. அதற்கு முன் பயாப்ஸி முடிவும், சர்கோமாவைப் பார்த்துப் பழகிய குழுவின் கருத்தும் கையில் இருக்க வேண்டும். மருந்துகள் பரவிய நோயைக் கொஞ்சகாலம் கட்டுப்படுத்தும். குணமாகும் நம்பிக்கை, கட்டியை உடைக்காமல் விளிம்போடு முழுதாக எடுப்பதில்தான் இருக்கிறது. அந்த அறுவை எப்படி அமையும் என்பதைக் கட்டி இருக்கும் இடம் தீர்மானிக்கிறது. சிறுநீரகச் சிரைகளுக்குக் கீழே என்றால், மெல்ல வளர்ந்த கட்டி பக்கச் சிரைகள் விரிய அவகாசம் தந்திருக்கும். சிலருக்கு, அகற்றிய சிரைக்குப் பதிலாகச் செயற்கைக் குழாய்கூடத் தேவைப்படாது. சிறுநீரகச் சிரைகள் சேரும் நடுப்பகுதி என்றால் வலது சிறுநீரகத்தை இழக்க நேரலாம். இடதுக்கு வேறு வடிகால்கள் உண்டு. கல்லீரல் சிரைகளுக்கு மேலே போய்விட்டால் இதய அறுவை நிபுணரும் உடன் நிற்க வேண்டும். வயிற்றைத் திறந்த பிறகு யோசிக்கும் விஷயமா இது?

பயாப்ஸிக்கு ஊசி குத்தினால் புற்று பரவிவிடும் என்று வீட்டார் அஞ்சுவது இயல்பே. உறைக்குள் செலுத்தும் ஊசியால், முடிந்தவரை முதுகுப்பக்கமாகத் திசு எடுத்தால் அந்த ஆபத்து மிகச் சிறியது. என்ன நோய் என்று தெரியாமல் கட்டியை அரைகுறையாக அறுப்பது அதைவிடப் பெரிய ஆபத்து. “காத்திருந்தால் வளர்ந்துவிடாதா?” என்பார்கள். திட்டமிடச் செலவாகும் ஓரிரு வாரம் வீணல்ல. மிச்சம் வைத்த கட்டியை மறு அறுவையில் சரிசெய்வது கடினம். ஆனால் இந்தக் கட்டியால் வரும் கால் வீக்கத்துக்கு “ரத்த உறைவு” என்று மாத்திரை தந்து, மாதக்கணக்கில் மறுபடி பார்க்காமல் விடுவது உண்மையான தாமதம். வெறும் உறைவுக்குள் கான்ட்ராஸ்ட் மருந்து ஏறாது, கட்டிக்குள் ஏறும். கான்ட்ராஸ்ட் உள்ளே ஏறியிருக்கிறதா என்று ஸ்கேன் பார்ப்பவரிடம் கூச்சமின்றிக் கேளுங்கள். தொலைவும் செலவும் தடையென்றால், முதலில் ஸ்கேன் படங்களையும் பயாப்ஸித் திசு பதித்த மெழுகுக் கட்டியையும் பெரிய மையத்துக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கலாம். நோயாளி பிறகு பயணப்பட்டால் போதும்.