மலைவழி மிதிவண்டிப் பயணமும் சிராவக விரதமும்



விடுமுறை நாள் வந்தால் மிதிவண்டியில் மலைப்பக்கம் சென்று, கூடாரம் அமைத்து ஓரிரவு தங்கிவர வேண்டும் என்னும் ஆவல் நம் இல்லத்துப் பிள்ளைகளிடம் வளர்ந்து வருகின்றது. பெரியோரில் சிலர் அதனை வீண் அலைச்சல் என்று கடிந்து தடுக்கின்றனர். வேறு சிலர், இளமையில் இதெல்லாம் இயல்பு என்று கூறி, விரதம் எதனையும் நினைவூட்டாமல் அனுப்பிவிடுகின்றனர். இவ்விரண்டும் சிராவகர் இல்லத்திற்குப் பொருந்துவன அல்ல. இது குறித்து நம் ஆசாரியர்கள் கூறியுள்ளவற்றை முதலில் படித்து, பின்னர் அதன்படி ஒரு பயணம் சென்று பார்ப்பது என்று நாங்கள் முடிவு செய்தோம். தை மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு இரு நாள்களில், திருமங்கலத்திலிருந்து பதினொருவர் மிதிவண்டிகளில் புறப்பட்டுச் சமணர் மலை வரை சென்று திரும்பினோம். அதில் கற்ற பாடத்தை இங்கே தருகிறோம்.

வீண்செயல் என்பது யாது?

சமந்தபத்திர ஆசாரியர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன் வழிவந்த தமிழ் நூலாகிய அருங்கலச்செப்பும் இல்லறத்தார்க்குரிய மூன்று குணவிரதங்களுள் ஒன்றாக அனர்த்த தண்ட விரதத்தைக் கூறுகின்றன. பயன் ஏதும் இன்றிப் பிற உயிர்களுக்குத் துன்பம் விளைவிக்கும் செயல்களை நீக்குவதே அவ்விரதம். அத்தகைய செயல்கள் ஐந்து வகைப்படும். அவற்றுள் ஒன்று பிரமாத சரியை, அதாவது கவனமின்றி ஒழுகுதல்.

பயனின்றி மண்ணைத் தோண்டுதல், நீரை இறைத்தல், நெருப்பை மூட்டுதல், காற்றை எழுப்புதல், செடிகொடிகளை வெட்டுதல், தானும் வீணே அலைந்து பிறரையும் அலைவித்தல் ஆகியவற்றை ஆசாரியர் பிரமாத சரியை என்று வகுத்துள்ளார். இப்பட்டியலைப் படித்தபோது எங்கள் பிள்ளைகள் வியந்தனர். கூடாரத்தைச் சுற்றிப் பள்ளம் தோண்டுவது, சுனையில் இறங்கி நீரை அடித்து விளையாடுவது, இரவில் விறகுத்தீ மூட்டிச் சுற்றி அமர்வது, படுக்கைக்குத் தழை ஒடிப்பது என இன்று கூடாரப் பயணத்தின் மகிழ்ச்சிகளாகக் கருதப்படுவன யாவும் அப்பட்டியலில் இருக்கின்றன.

ஆயினும் ஆசாரியர் பயணத்தையே விலக்கினாரில்லை. வீணான பயணத்தையே விலக்கினார். ஆகவே, ஒரு பயணத்திற்குத் தக்க நோக்கம், எல்லை, விழிப்பு ஆகிய மூன்றும் உண்டா என்று பார்த்தல் வேண்டும். மூன்றும் அமைந்தால் அது வீண்செயல் ஆகாது.

எல்லை வகுத்தல்

குணவிரதங்களுள் திக்விரதம் என்பது, இன்ன திசையில் இன்ன எல்லைக்கு அப்பால் செல்வதில்லை என்று வாழ்நாள் முழுமைக்கும் வரையறுத்துக்கொள்வது. யாவரும் அறிந்த கடல், ஆறு, காடு, மலை முதலியவற்றை எல்லையாகக் கொள்ள வேண்டும் என்பது விதி. அவ்வெல்லையை நாள், பக்கம், மாதம் என்னும் கால அளவில் மேலும் சுருக்கிக்கொள்வது தேசாவகாசிகம். இது சிட்சாவிரதங்களுள் ஒன்று. எல்லைக்கு அப்பால் உள்ள உயிர்களுக்கு நம்மால் ஊறு நேராது என்பதே இவ்விரதங்களின் பயன்.

நாங்கள் புறப்படுமுன் பஞ்ச நமஸ்காரம் கூறி இவ்வாறு வரையறுத்துக்கொண்டோம்: தெற்கே திருமங்கலம், மேற்கே செக்கானூரணிச் சாலை, வடக்கே தேனிச் சாலை, கிழக்கே திருப்பரங்குன்றம், மேல்நோக்கிய எல்லை சமணர் மலையில் மாதேவிப் பெரும்பள்ளி இருந்த இடம். மேலே, கீழே, குறுக்கே என எந்தத் திசையில் எல்லை கடந்தாலும் அதிசாரம் என்று நூல் கூறுவதால், மலையேறுவோர்க்கு மேல் எல்லையும் இன்றியமையாததாயிற்று.

இவ்விரதம் அன்றே சோதனைக்கு உள்ளாயிற்று. செக்கானூரணியை அடைந்தபோது இளைஞர் இருவர், "விக்கிரமங்கலத்திலும் கற்படுக்கைகள் இருக்கின்றனவாமே, இன்னும் சிறிது தூரம்தானே, போய்வந்துவிடலாம்" என்றனர். அவர்கள் காண விரும்பியது புனிதமான இடமே. ஆயினும் நல்ல இடம் என்பதற்காக எல்லையை நீட்டினால் அடுத்த முறை வேறு எதற்காகவும் நீட்டலாம். விக்கிரமங்கலத்தை இன்னொரு பயணத்திற்கு வைத்துக்கொண்டோம்.

கொங்கர் புளியங்குளம்: துறவியர் தங்கிய முறை

திருமங்கலத்திலிருந்து செக்கானூரணி செல்லும் சாலையில் கொங்கர் புளியங்குளம் இருக்கின்றது. அங்குள்ள குன்றின் குகைத்தளத்தில் கற்படுக்கைகளும், மூன்று தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளும் உள்ளன. அவை கிறிஸ்து பிறப்பதற்கு முற்பட்ட காலத்தவை. ஒரு கல்வெட்டில் 'உபசஅன்' என்னும் சொல் வருகின்றது. அது இல்லறத்து அடியாரைக் குறிப்பது என்று அறிஞர் கொள்வர். மற்றொன்று பாகனூரைச் சேர்ந்த ஒருவரின் கொடையைக் கூறுகின்றது. துறவியர் தங்குவதற்கு இடம் செய்து தந்தவர்கள் நம்மைப் போன்ற சிராவகர்களே என்பதற்கு இவை சான்றாகும். பாறையில் அமர்ந்த நிலையில் ஒரு தீர்த்தங்கரர் திருவுருவமும் உண்டு. அதன்கீழ் அச்சணந்தி என்னும் பெயர் வட்டெழுத்தில் காணப்படுகின்றது. ஆனைமலை, அழகர்மலை, உத்தமபாளையம் முதலிய இடங்களிலும் திருவுருவங்கள் செய்வித்த அச்சணந்தி முனிவர் இவரே.

குகையின் நெற்றியில் காடி வெட்டப்பட்டிருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டினோம். மேலிருந்து வழியும் மழைநீர் உள்ளே புகாமல் அக்காடியின் வழியே விலகிச் சொட்டிவிடும். தரையில் படுக்கையும், தலைப்பக்கம் சற்று உயர்ந்த கல்லே தலையணையுமாக அமைத்துள்ளனர். மழைக்காலத்தில் சிற்றுயிர்கள் பெருகுதலால் துறவியர் நான்கு மாதம் ஓரிடத்திலேயே தங்குவது சாதுர்மாசியம். அக்காலத்தில் அவர்களுக்குப் பயன்பட்ட இவ்விடங்கள், மண் தோண்டாமல், மரம் வெட்டாமல் தங்குவதற்கு ஏற்றவையாக இருந்தன. ஊருக்குச் சற்று விலகியும், ஆகாரத்திற்கு நடந்து சென்று திரும்பும் தொலைவிலும் அவை அமைந்துள்ளன. நாம் சுமந்து சென்ற கூடாரமும் பாயும் பையும் அப்படுக்கைகளின் முன் மிகையாகவே தோன்றின.

கண்மாய்க் கரையில் நிகழ்ந்தது

அங்கிருந்து புறப்பட்டுச் சென்றபோது, ஒரு கண்மாய்க் கரையின் இறக்கத்தில் எங்களுள் பன்னிரண்டு வயதுச் சிறுவன் மிதிவண்டியை விரைவாக விட்டான். தை மாதக் குளிருக்கு வெயில் காய்ந்துகொண்டு சாலையில் கிடந்த ஓர் ஓணான் அவனது சக்கரத்தின்கீழ் அகப்பட்டு இறந்தது. அவன் வண்டியை நிறுத்திவிட்டு அழுதான். பின்னர், "மாமா, நான் வேண்டுமென்று செய்யவில்லையே, இது எனக்குப் பாவம் ஆகுமா?" என்று கேட்டான்.

இக்கேள்விக்கு விரைந்து விடை கூறுதல் எளிதன்று. "தெரியாமல் செய்தால் பாவம் இல்லை" என்று சமாதானம் கூறி முடிக்க எங்களுள் சிலர் விரும்பினர். ஆனால் நூல்கள் அவ்வாறு கூறவில்லை. பிரமாதத்தின் வயப்பட்டு உயிர்ப்பைப் போக்குதலே ஹிம்சை என்பது தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமி ஆசாரியர் தரும் இலக்கணம். விழிப்போடு ஒழுகுபவனால் ஓர் உயிர் தற்செயலாக இறந்தாலும் அது அவனுக்கு ஹிம்சை ஆகாது என்றும், விழிப்பின்றி ஒழுகுபவனுக்கு உயிர் எதுவும் இறவாவிடினும் ஹிம்சை உண்டு என்றும் புருஷார்த்த சித்தியுபாயத்தில் அமிர்தசந்திர ஆசாரியர் விளக்கியுள்ளார். ஆகவே கேட்க வேண்டிய வினா, "வேண்டுமென்று செய்தாயா?" என்பதன்று, "அப்போது எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய்?" என்பதே. இதனை அவனிடம் மென்மையாகக் கேட்டோம். சிறிது நேரம் எண்ணிப் பார்த்து, "மலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்" என்று உண்மையைச் சொன்னான்.

முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் முதலாவது ஈரியா சமிதி. பகலொளியில், பலர் நடந்த வழியில், முன்னே நான்கு முழத் தொலைவு நிலத்தை நோக்கி நடத்தல் அது. நான்கு முழம் ஏறத்தாழ 6 அடி. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவர் அத்தொலைவைக் கடக்க ஒரு நொடிக்குச் சற்று மேல் ஆகும். கண்டவுடன் காலை மாற்றி வைக்கலாம். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் மிதிவண்டி செல்லுமாயின் அரை நொடிக்குள் கடந்துவிடும். இறக்கத்தில் வேகம் 30 கிலோமீட்டர் ஆனால் கால் நொடியும் ஆகாது. அன்றியும், வேகம் இருமடங்கானால் பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தொலைவு நான்கு மடங்காகின்றது. முனிவர் வாகனம் ஏறாமைக்குரிய காரணத்தை இக்கணக்கால் சிறுவரும் உணர்ந்தனர். இல்லறத்தார் வாகனத்தை முற்றும் விடுதல் இயலாது. ஆயினும், கண் எவ்வளவு தொலைவு தெளிவாகக் காண்கின்றதோ அவ்வளவில் நிறுத்தக்கூடிய வேகமே நமக்குரியது என்று வரையறுத்துக்கொள்ளலாம். மலையைப் பார்க்க விரும்புகிறவர் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்க்கலாம்.

தவறு சிறுவனுடையது மட்டும் அன்று. இறக்கத்தில் அவனை முன்னே விட்டுப் பின்னே பேசிக்கொண்டு வந்த பெரியோராகிய எங்களுடையதும் ஆகும். அன்று மாலை அனைவரும் சேர்ந்து பிரதிக்கிரமணம் செய்தோம்.

ஓரிரவுத் தங்கல்

சமணர் மலையின் சமணச் சின்னங்கள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. அங்கே கூடாரம் அமைத்தல் தகாது. கீழக்குயில்குடிப் பக்கத்தில், உரியவரின் இசைவு பெற்று ஒரு தென்னந்தோப்பில் தங்கினோம். எறும்புப் புற்று இல்லாத, இயல்பாகவே மேடான இடத்தைப் பார்த்துக் கூடாரம் அமைத்தமையால் பள்ளம் தோண்டத் தேவை ஏற்படவில்லை. கிணற்று நீரை இருமடித் துணியில் வடித்து, துணியில் தங்கியதை அதே கிணற்று நீரில் மெல்லச் சேர்த்தோம். வெங்காயம், பூண்டு, கிழங்கு நீக்கிய புளியோதரை, தயிர்ச்சோறு, அவல், வறுத்த பயறு ஆகியவை உணவு. பொழுது சாயுமுன் உண்டு முடித்துப் பாத்திரங்களைக் கழுவி வைத்தோம். கொசுவர்த்திக்கு மாற்றாகக் கொசுவலை கொண்டு சென்றிருந்தோம்.

விறகுத்தீ இல்லையே என்று பிள்ளைகள் முதலில் வருந்தினர். விளக்கையும் அணைத்த பின்னர், விட்டில் ஒன்றும் வந்து விழாத அவ்விருளில் வானம் முழுதும் விண்மீன்கள் தெரிந்தன. அதன்பின் தீயைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

சமணர் மலை

ஞாயிறு காலை நன்கு விடிந்தபின் சாமாயிகம் முடித்து மலையேறினோம். தென்மேற்குப் பக்கத்தில் ஊரார் செட்டிப்புடவு என்று வழங்கும் குகையில், முக்குடையின்கீழ் அமர்ந்த பெரிய தீர்த்தங்கரர் திருவுருவம் காட்சி தருகின்றது. பேச்சிப்பள்ளத்தில் சுனையின் அருகே பாறை வரிசையில் எட்டுத் திருவுருவங்கள் உள்ளன. பார்சுவநாதரையும் பாகுபலியையும் அங்கே தரிசிக்கலாம். அவற்றின்கீழ் உள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகளில் குறண்டித் திருக்காட்டாம்பள்ளியைச் சேர்ந்தோரின் பெயர்கள் காணப்படுகின்றன. இன்னும் மேலே, பராந்தக வீரநாராயண பாண்டியன் தன் தேவி வானவன் மாதேவியின் பெயரால் எடுப்பித்த மாதேவிப் பெரும்பள்ளியின் அடித்தளம் மட்டும் எஞ்சியுள்ளது. நாங்கள் வகுத்த மேல் எல்லை அதுவாகையால் அங்கிருந்தே வணங்கித் திரும்பினோம்.

இவ்வூர்களில் இன்று நம்மவர் குடியிருப்பு இல்லை. பெரும்பாலோர் வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம் முதலிய வடபகுதிகளிலேயே வாழ்கின்றோம். நம் முன்னோர் வழிபட்ட குன்றுகளைக் காத்துவருவோர் அவ்வவ்வூர் மக்களே. மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியிலும் கற்படுக்கையும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் தீர்த்தங்கரர் திருவுருவமும் உள்ளன. அவ்வூர் 2022-ஆம் ஆண்டில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் அப்பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்திற்கு ஏலம் விடப்பட்டபோது ஊர் மக்கள் திரண்டு எதிர்த்தனர். 2025 ஜனவரியில் மத்திய அரசு அவ்வேலத்தைக் கைவிட்டது. அம்மக்களுக்கு நாம் நன்றிக் கடன் பட்டுள்ளோம். நம் பிள்ளைகள் இம்மலைகளை நேரில் கண்டு அறிதல் அக்கடனைத் தீர்க்கும் முதற்படி. பயணத்திற்குத் தக்க நோக்கம் வேண்டும் என்று மேலே கூறினோம். இதனினும் தக்க நோக்கம் வேறு யாது?

திரும்பும் வழியில் அந்தக் கண்மாய்க் கரை வந்தது. ஒருவரும் சொல்லாமலே அச்சிறுவன் இறங்கி, கரை முடியும் வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தான். நாங்கள் அனைவரும் இறங்கி அவன் பின்னே நடந்தோம்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. அனர்த்த தண்டம் என்பது யாது? அடுத்த விடுமுறையில் நம் இல்லத்தார் செய்ய எண்ணியுள்ளவற்றுள் எவை அதன்பாற்படும்?

2. திக்விரதத்திற்கும் தேசாவகாசிகத்திற்கும் உள்ள வேறுபாடு யாது?

3. அச்சிறுவன் சாலையைப் பார்த்துக்கொண்டே மெதுவாக வந்தும் ஓணான் குறுக்கே பாய்ந்து இறந்திருந்தால் விடை மாறுமா? ஏன்?

இவற்றைப் பெற்றோர் பிள்ளைகளோடு அமர்ந்து உரையாடுமாறு வேண்டுகிறோம்.

அறம் வளர்க! அருகன் நெறி ஓங்குக!