பெட்டியைத் திறந்து பார்த்தபின் கார்டு வாங்குவோம்

பத்தாம் வகுப்பு அளவியலில் கூம்பின் இடைக்கண்டத்தைக் கரும்பலகையில் வரைந்து புரியவைப்பது சிரமம். ஜியோஜீப்ராவில் கூம்பைச் சுழற்றி, குறுக்கே வெட்டிக் காட்டினால் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். இதற்காகவே, ஸ்ரீரங்கத்தில் உள்ள எங்கள் பள்ளிக்கு முன்னாள் மாணவர் ஒருவர் கொடுத்த பழைய மேசைக் கணினியை வகுப்பறையில் வைத்தேன். உருவம் திக்கித் திக்கி நகர்ந்தது. சில நேரம் அப்படியே நின்றுவிட்டது. கிராஃபிக்ஸ் கார்டு போட்டால் சரியாகும் என்றார்கள். பெற்றோர் சிலர் சேர்ந்து 3,500 ரூபாய் தந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை, ஒன்றாம் எண் பேருந்தில் காவிரிப் பாலம் கடந்து திருச்சிக்குப் போய், பயன்படுத்திய கார்டு ஒன்றை வாங்கி வந்தேன். மாட்டினால் கேபினெட் மூடவில்லை. போதாததற்கு, கார்டின் ஓரத்தில் ஆறு முனை மின் இணைப்பு ஒன்று இருந்தது, எங்கள் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் அதற்கான வயரே இல்லை. திங்கட்கிழமை மாலை திரும்ப எடுத்துப் போனேன். “பழைய கார்டைத் திரும்ப எடுக்கிறதில்ல மேடம். என்ன மாடல் கம்ப்யூட்டர்னு அன்னைக்கே கேட்டேனே?” என்றார் கடைக்காரர். கேட்டது உண்மைதான். நான்தான் “ஏதோ பழசுங்க” என்று சொல்லியிருந்தேன். பெற்றோர் கொடுத்த பணத்தை என் கையிலிருந்து ஈடுகட்டினேன்.

இரண்டாம் முறை வாங்கும் முன், மாணவர்களோடு சேர்ந்து கணினியைத் திறந்தேன். மின்வயரைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்தி, உள்ளே தங்கிய மின்சாரத்தை வடியவிட்டோம். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் யாரும் பிரிக்கக் கூடாது. இணைப்பைத் துண்டித்த பிறகும் அதனுள் ஆபத்தான மின்னழுத்தம் இருக்கும்.

அதன் லேபிளில்தான் பாடம் இருந்தது. மொத்தம் 240 வாட் என்று பெரிதாகப் போட்டிருந்தது. “அப்போ 240 வாட்டும் கிடைக்கும்ல டீச்சர்?” என்றான் ஒருவன். கிடைக்காது. அந்தக் கணக்கில் 3.3 வோல்ட், 5 வோல்ட் வழிகளும் சேர்ந்திருக்கின்றன. கார்டும் செயலியும் பெரும்பாலும் இழுப்பது 12 வோல்ட் வழியில். அங்கே 14 ஆம்பியர் என்றிருந்தது. மின்னோட்டவியல் பாடத்தில் படித்த வாய்பாட்டைப் பிள்ளைகளே போட்டார்கள்: 12 × 14 = 168 வாட். செயலிக்கு 65, ஹார்டு டிஸ்க், விசிறி, மற்றவற்றுக்குத் தாராளமாக 50. மீதி 53. அதிலும் கொஞ்சம் விட்டுவைக்க வேண்டும், பழைய எஸ்.எம்.பி.எஸ். புதிதில் தந்த அளவுக்குத் தராது.

மதர்போர்டில் நீளமான பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட் இருந்தது. இந்த ஸ்லாட் கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட் தரும். அதற்கு மேல் கேட்கும் கார்டுகளுக்குத்தான் தனி வயர் தேவை. சில ஒல்லிக் கணினிகளில் தயாரிப்பாளரே இதைவிடக் குறைந்த வரம்பு வைத்திருப்பதால், மாடல் எண்ணை வைத்துக் கையேட்டைப் பார்ப்பது நல்லது. ஸ்லாட்டின் தலைமுறை பற்றிப் பயம் வேண்டாம்: புதிய தலைமுறைக் கார்டு பழைய எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில், வேகம் குறைந்தாலும், பொதுவாக இயங்கும். ஆனால் அதற்கும் முந்தைய ஏ.ஜி.பி. ஸ்லாட் என்றால் மாட்டவே முடியாது.

உயரத்தை ஒரு மாணவி அளவுகோலால் அளந்தாள். வழக்கமான கார்டின் உலோகத் தகடு சுமார் 12 செ.மீ.; ஒல்லிக் கேபினெட்டுக்கான ‘லோ புரொஃபைல்’ தகடு சுமார் 8 செ.மீ. நான் முதலில் ஏமாந்த இடம் இது.

கடைசியாக மானிட்டர். எங்களுடையதில் வி.ஜி.ஏ. மட்டுமே உண்டு. முதலில் மனத்தில் வைத்திருந்த ஜி.டி. 1030 கார்டு 30 வாட்தான் கேட்கும், ஆனால் வி.ஜி.ஏ. சிக்னல் தராது, தனியாக எச்.டி.எம்.ஐ. மாற்றி வாங்க வேண்டும். 19 வாட்டில் ஓடும் ஜி.டி. 710இல் வி.ஜி.ஏ. வாயோடும் சிறிய தகடோடும் கிடைத்தது. அதற்குப் புதிய அம்சங்களோடு டிரைவர் இனி வராது, பழைய டிரைவர்தான். கூம்பு சுழற்ற அது போதும். பழைய பயாஸ் சில புதிய கார்டுகளை ஏற்காமல் திரையை இருட்டாகவே விடும் என்பதால், ஓடாவிட்டால் திரும்பக் கொடுக்கலாம் என்று இம்முறை ரசீதிலேயே எழுதி வாங்கினேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கணினி மெதுவாக இருக்கிறது என்பதற்காக மட்டும் கார்டு வாங்காதீர்கள். திறக்கவே ஐந்து நிமிடம் ஆகிறது என்றால் அதற்கு மருந்து எஸ்.எஸ்.டி.யும் கூடுதல் ராமும். உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினிகளையும் இப்படித் திறக்க வேண்டாம். அவற்றுக்குப் பராமரிப்பு ஏற்பாடு உண்டு. நன்கொடைக் கணினியானாலும் இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, தலைமையாசிரியரின் அனுமதி பெற்ற பிறகே கை வைத்தோம்.

இப்போது கூம்பு தடையில்லாமல் சுழல்கிறது. முதலில் வாங்கிய கார்டு அறிவியல் அலமாரியில் இருக்கிறது. ஆறு முனை இணைப்பு எப்படி இருக்கும் என்று காட்ட அதைத்தான் எடுக்கிறேன்.