விழுந்த பலாவில் ஒரு தொழில்

கண்டிப் பக்கம் ஒரு பெருங்காற்று அடித்தால் எங்காவது ஒரு மகோகனி சாயும், ஏதாவது ஒரு தோட்டத்தில் பலாவோ சப்போ வேரோடு வரும். பாதி விறகாகும், மீதி உக்கிப்போகும். இதை அரிந்து பலகையாக விற்கலாமே என்று நினைப்பவர்கள், மெஷின் விலை விசாரிக்கும் முன் பிரதேச செயலகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள்.

விழுந்த மரத்துக்கும் சொந்தக்காரர் உண்டு. வீதியோர மரம் உங்களுடையதல்ல. எஸ்டேட் மரம் கம்பனியுடையது. சொந்த வளவில் நின்றாலும் பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றையும் அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது என்கிறது 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். சாய்ந்த பலாவை அரிவதற்கு முன்பும் கிராம உத்தியோகத்தரை அழைத்துக் காட்டிவிடுவது நல்லது. லொறியில் ஏற்றினால் பல மர வகைகளுக்குப் போக்குவரத்து அனுமதிப்பத்திரம் வேண்டும். மரக்காலை நடத்தவும் பதிவு வேண்டும். எதற்கு என்ன கடதாசி என்பதை வனத் திணைக்களத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சந்திக்குச் சந்தி விசாரிக்கப்படும் தொழில் இது.

அடுத்து வாள். செயின்சோவில் சட்டம் பூட்டிப் பலகை அரியலாம். மலைச்சரிவில் கிடக்கும் குற்றியைத் தூக்காமலே வேலை முடியும். ஆனால் ஒவ்வொரு அரிப்பிலும் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் தூளாய்ப் போகும். பத்து அரிப்புக்கு 80 மில்லிமீட்டர். ஓரங்குலப் பலகை மூன்று தரையில் கொட்டிக் கிடக்கிறது என்று அர்த்தம். பட்டைவாள் மெஷினில் இழப்பு 2, 3 மில்லிமீட்டர்தான். ஆரம்பத்தில் செயின்சோ போதும், பாதுகாப்புக் காற்சட்டையும் காதடைப்பானும் இருந்தால். அவை வாங்கக் காசில்லை என்பவர் இத்தொழிலுக்கு வரவேண்டாம்.

வீட்டுத் தோட்ட மரத்தில் ஆணி இல்லாவிட்டால்தான் அதிசயம். தேர்தல் போஸ்டர், உடுப்புக்கொடி, ஊஞ்சல் கொக்கி எல்லாவற்றையும் மரம் விழுங்கி வைத்திருக்கும். வெட்டுமுகத்தில் கருநீலக் கறை தெரிந்தால் உள்ளே இரும்பு இருக்கக்கூடும். சின்ன மெட்டல் டிடெக்டர் ஒன்று வாளின் பல பற்களைக் காப்பாற்றும்.

பணம் இருப்பது அரிவதில் அல்ல, உலர்த்துவதில். பச்சைப் பலகையை யாரும் விற்பார்கள். காய்ந்த பலகைக்குத்தான் தச்சு பாஸ் மறுபடி வருவார். அரிந்த அன்றே இரு முனைகளுக்கும் பெயின்ட் அடியுங்கள், இல்லாவிட்டால் வெடிக்கும். நிலத்திலிருந்து உயர்த்தி, ஒன்றரை அடிக்கு ஒரு ரீப்பை வைத்து அடுக்குங்கள். ரீப்பைகள் மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோட்டில் நிற்கவேண்டும், பிசகினால் பலகை நெளியும். மேலே தகரம், பக்கம் நாலும் காற்று. ஓரங்குலத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. கண்டியின் ஈரக்காற்றில் அப்படிக் காய்ந்த பலகையும் கொழும்பு ஏசி அறைக்குப் போனால் இன்னும் சுருங்கும், வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். வைரத்தைப் பூச்சி இலேசில் தொடாது. வெளிறு அப்படியல்ல, போரக்ஸ் கரைசலில் நனைத்தெடுங்கள்.

பழைய மரத்தின் மதிப்பில் சந்தேகம் இருந்தால் எம்பக்க தேவாலயத்துக்குப் போய்வாருங்கள். அங்குள்ள செதுக்குத் தூண்கள் கைவிடப்பட்ட கம்பளை அரச மண்டபமொன்றிலிருந்து வந்தவை என்றொரு வழிவழிக் கதை உண்டு. கூரையில் 26 கைமரங்கள் ஒரே மர ஆப்பில் வந்து சேருகின்றன.

முதல் குற்றிப் பலகையை விற்காதீர்கள். உங்கள் வீட்டுக்கே ஒரு மேசை செய்து, ஒரு மழையும் ஒரு வெயிலும் அது தாங்குகிறதா என்று பார்த்துவிட்டு விலை சொல்லுங்கள்.