அது தூங்கட்டும், தாயி

சிப்பிப்பாறை நாய்க்குட்டி ஒன்றைச் சென்னைக்குக் கொண்டுபோய் மூன்றாவது மாடி வீட்டில் வளர்க்கப் போகிறாய். என்ன தீனி கொடுப்பது, எந்த ஊசியை எப்போது போடுவது என்று கேட்டாய். அதையெல்லாம் கால்நடை மருத்துவர் எழுதித் தருவார். யாரும் எழுதித் தராத ஒன்றை நான் சொல்கிறேன்: அதன் தூக்கம். வாலாட்டும் நாயைக் கொஞ்சாதவர் யார்? தூங்கும் நாய் உனக்கு எதுவும் தராது, விளையாடாது, காவலும் காக்காது. அந்த நேரத்தில் நீ அதனிடம் எப்படி நடந்துகொள்கிறாய் என்பதில்தான் வளர்ப்பு இருக்கிறது. இங்கே நான் சொல்வதில் பாதி, நம் வீட்டு நாய்கள் என்னைப் பொறுத்துக்கொண்டதால் கற்றது.

1. நிறையத் தூங்குகிறதே என்று பயப்படாதே. சிறு குட்டி ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் வரை தூங்கும். வளர்ந்த நாய்க்கும் 12, 14 மணி நேரம் வேண்டும். ஆனால் நம்மைப்போல் ஒரே மூச்சில் தூங்காது. இரவில்கூட ஏறக்குறைய 20 நிமிடத்துக்கு ஒருமுறை தலை தூக்கும், காற்றை மோந்து பார்க்கும், மறுபடி படுக்கும். உன் சித்தப்பா பிள்ளைகள் ஒரு கோடை விடுமுறைக்கு வந்திருந்தபோது, அப்போதுதான் வந்த குட்டியைக் காலையிலிருந்து கைமாற்றிக் கைமாற்றிக் கொஞ்சினார்கள். சாயங்காலம் அது கண்ணில் பட்ட காலையெல்லாம் கடித்தது. வெறி பிடித்துவிட்டதோ என்று வீடே கலங்கியது. ஆடு மேய்க்கிறவர் ஒருவர் வந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் குட்டியைத் தூக்கி, தானியக் குதிருக்குப் பின்னாலிருந்த இருட்டு மூலையில் விட்டார். இரண்டு மணி நேரம் கழித்து எழுந்து வந்தது பழைய குட்டிதான். குட்டி அளவுக்கு மீறித் துள்ளினால் இன்னும் விளையாட்டுக் காட்டாதே, படுக்க வை.

2. முதல் சில இரவுகளை அதற்கென்று ஒதுக்கிவிடு. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-இல் மத்திய அரசு விதி செய்திருக்கிறது. அதற்கு முன் தாயிடமிருந்து பிரிக்க யார் சொன்னாலும் கேட்காதே. அழைத்து வரும் அன்று தாய் படுத்திருந்த துணியில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி வா. அந்த வாசனைக்கு நிகரான மெத்தை எந்தக் கடையிலும் இல்லை. இரவில் பால்கனியில் விட்டுக் கதவைச் சாத்தினால் அழும். ‘அழட்டும், பழகிவிடும்’ என்பார்கள். அழுகை அடங்குவதை வைத்துப் பழகிவிட்டது என்று முடிவு கட்டாதே. கூப்பிட்டு யாரும் வராததால் அடங்கியிருக்கலாம். உன் கட்டிலுக்குப் பக்கத்தில், கை தொங்கவிட்டால் எட்டும் தூரத்தில் படுக்க வை. இரண்டு மாதக் குட்டியால் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் மூத்திரத்தை அடக்க முடியாது. எழுப்பினால் எழுந்திரு, விளக்கைப் பளிச்சென்று போடாமல், கொஞ்சாமல், வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பப் படுக்க வை. பழகிய பிறகு படுக்கையை நாளுக்கு ஒரு முழமாக நீ விரும்பும் இடத்துக்கு நகர்த்தலாம். வளர்ந்த நாய்க்கும் புது இடத்தில் முதல் தூக்கம் சரியாக அமையாது. புடாபெஸ்ட் நகரத்து ஆய்வாளர்கள் நாய்களின் தலையில் வலியில்லாமல் மின்முனைகளை ஒட்டி, மூளை அலைகளைப் பதிந்து இதைக் கண்டிருக்கிறார்கள். ஊருக்குப் போகும்போது அதன் பழைய விரிப்பையும் மூட்டையில் வை.

3. இடத்தை அது தேர்ந்தெடுக்கட்டும். நீ அழகு பார்த்து ஒரு மூலையில் மெத்தையைப் போடுவாய். அது இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுச் சோபாவுக்கு அடியில் போய்ப் படுக்கும். கோபித்துக்கொள்ளாதே. ஒரு வாரம் சும்மா கவனி. பெரும்பாலும் முதுகுக்குச் சுவரும் கண்ணுக்கு வாசலும் இருக்கிற இடத்தையே பிடிக்கும், அதிலும் வேட்டைக்கும் காவலுக்கும் பழகிய நம் ஊர் இனங்கள். அந்த இடத்துக்கு மெத்தையைக் கொண்டுபோ. ஆட்கள் நடந்து கடக்கும் வழியும், மோட்டார் ஓடும் பக்கமும் வேண்டாம். நம் காது நொடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். அதன் காது 45,000 அளவுக்குப் போகும். உனக்கு அமைதியாகத் தெரிகிற அறை அதற்கு அமைதியாக இருக்க வேண்டும் என்றில்லை.

4. ‘பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது’ என்பார்கள். முதல் பாதி நாய்க்கும் பொருந்தும்; இரண்டாம் பாதி பொருந்தாது. சிப்பிப்பாறை எலும்பும் நரம்புமான உடம்பு. தோலுக்கடியில் கொழுப்பு மிகக் குறைவு, முடியும் குட்டை. டைல்ஸ் தரையிலேயே படுத்துப் படுத்து முழங்கை காய்த்துப்போகும். சில நாய்களுக்கு அங்கே நீர் கோத்து வீங்கும். பழைய பருத்திச் சேலைகளை நாலைந்து மடிப்பாகத் தைத்து, அது கால் நீட்டிப் படுக்கும் அளவுக்கு விரிப்புப் போடு. சுருண்டு படுக்கும் அளவை வைத்து வாங்கிவிடாதே. பக்கத்தில் வெறுந்தரையும் இருக்கட்டும். சூடேறினால் அங்கே போகும், குளிர்ந்தால் திரும்பி வரும். நம் வீட்டில் நாய்க்கென்றே குட்டையான கயிற்றுக்கட்டில் ஒன்று கிடந்தது. அடியில் காற்று ஓடும், ஈரம் ஏறாது, எறும்பும் குறைவு. கடையில் பெரிய விலைக்கு விற்கும் உயர்ந்த படுக்கைகளின் தத்துவமும் அதேதான். குட்டிக்கும் கிழநாய்க்கும் மட்டும் அது வேண்டாம், ஏறி இறங்கச் சிரமப்படும்.

5. வெயிலை நீ தாங்குகிறாய் என்பதற்காக அதுவும் தாங்கும் என்று நினைக்காதே. அதன் உடம்புச் சூடே 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். பாதத்தின் அடியில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். வெக்கையில் பெரும்பாலும் நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். கத்திரி வெயிலில் மல்லாந்து வயிற்றைக் காட்டிப் படுத்தால் உன்மேல் உள்ள நம்பிக்கை பாதி, வெக்கை பாதி என்று எடுத்துக்கொள். நனைத்துப் பிழிந்த சாக்கைத் தரையில் போட்டுவை, வேண்டுமானால் படுக்கட்டும். ஈரத் துணியை மேலே போர்த்தாதே, சூடு உள்ளேயே நின்றுவிடும். தகரம் போட்ட பால்கனியில் மதியம் கட்டிப்போடாதே. ஏசி போட்டால் அளவாகப் போடு; அந்த மெல்லிய உடம்பு நடுங்குவதைப் பார்த்தால் ஒரு சேலையைப் போர்த்து.

6. தூக்கத்தில் கால் உதறும், உதடு துடிக்கும், வாய்க்குள்ளேயே குரைக்கும், மூடிய இமைக்குள் விழி ஓடும். குட்டிகளிடம் இது இன்னும் அதிகம். பதறி எழுப்பாதே. என்ன கனவு என்று அதுதான் சொல்ல வேண்டும். ஆனால் 2001-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எலிகளின் மூளையைப் பதிந்தபோது, பகலில் ஓடிய பாதை தூக்கத்தில் திரும்ப ஓடுவதைக் கண்டார்கள். மாலையில் அடையாறு பக்கம் கூட்டிக்கொண்டு போனால் ராத்திரியும் அங்கேதான் ஓடிக்கொண்டிருக்கும் போல என்று எனக்குத் தோன்றும். புதிதாக ஒன்றைக் கற்றுக்கொடுத்தால் உடனே இன்னொன்றைத் தொடங்காதே. கற்ற பிறகு தூங்கிய நாய்களின் மூளை அலை மாறியதையும், பாடம் நன்றாகப் படிந்ததையும் அதே புடாபெஸ்ட் ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். சொல்லிக்கொடுப்பதில் பாதி வேலையைத் தூக்கம் செய்கிறது. அதற்கு நேரம் கொடு.

7. தூங்குகிற நாயைத் தொடாதே. எத்தனை சாதுவாக இருந்தாலும் சரி. திடுக்கிட்டு எழும் நாய் முதலில் பல்லைக் காட்டும், பிறகுதான் ஆளைப் பார்க்கும். நம் தெருவில் ஒரு பிள்ளை, தூங்கிக்கொண்டிருந்த நாயின்மேல் பாசத்தோடு கவிழ்ந்து படுத்து, கன்னத்தில் தையல் போட்டுக்கொண்டது. அத்தனை பேரும் நாயைக் குறை சொன்னார்கள். அந்தப் பிள்ளையின் தாத்தா மட்டும் ‘தூங்குறவனை மிதிச்சா நானும்தான் அடிப்பேன்’ என்றார். எழுப்ப வேண்டியிருந்தால் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடு. ராஜபாளையம் போன்ற வெள்ளை நாய்களில் சில பிறவியிலேயே காது கேளாதவை. அவற்றுக்குத் தரையை இரண்டு தட்டுத் தட்டினால் அதிர்வு போய் எழுப்பும். வீட்டுக்கு வரும் பிள்ளைகளிடம் இதை முதல் நாளே சொல். நாய் படுக்கும் இடம் நாயுடையது. அங்கே யாரும் போய்க் கொஞ்ச வேண்டாம், நீயும்தான்.

8. விரிப்பை வாரம் ஒருமுறை சுடுநீரில் துவைத்து வெயிலில் காயப்போடு. உண்ணி நாயின்மேல் மட்டும் இருப்பதில்லை. ரத்தம் குடித்துவிட்டு இறங்கி, சுவர் வெடிப்பிலும் படுக்கை மடிப்பிலும் போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். உண்ணிக் காய்ச்சல் நாயைக் கொன்றுவிடும். அதனால் நாயைக் குளிப்பாட்டுவதோடு நிறுத்தாமல் சுவரோரத்தையும் பார். பூச்சி வரக்கூடாது என்று படுக்கைக்கு அடியில் பாச்சை உருண்டை வைக்கிறவர்கள் உண்டு. அது நாய்க்கு விஷம். கொசுவர்த்தியை மூக்கருகே கொளுத்தாதே. கொசுவலை கட்டலாம், அவசியம் கட்டு. இதயப்புழு போன்றவற்றை நாய்க்குப் பரப்புவது கொசுதான்.

9. அதட்டிவிட்டுப் படுக்கப் போகாதே. செருப்பைக் கடித்துவிட்டது, அடித்துவிட்டாய். அது மூலையில் போய்ச் சுருண்டு சட்டென்று தூங்கிவிட்டது. ‘பார், அதற்கு ஒன்றும் உறைக்கவில்லை’ என்று தோன்றும். அந்தப் புடாபெஸ்ட் ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். அன்பாக நடத்தப்பட்ட பிறகு தூங்கியதைவிட, மனம் நோக நடத்தப்பட்ட பிறகு நாய்கள் சீக்கிரம் கண்மூடின; ஆனால் தூக்கத்தின் அமைப்பு மாறியிருந்தது. சீக்கிரம் தூங்குவதெல்லாம் நிம்மதி ஆகாது, தாயி. மனிதர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறேன். கோபம் வந்தால் நீ வெளியே போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வா. படுக்கும்முன் பெயரைச் சொல்லி ஒருமுறை தடவிக் கொடு.

10. தீபாவளிக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய். பட்டாசுக்குத் தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் வகுத்திருக்கிறார்கள். ஊர் அதைக் கேட்கும் என்று நம்பிவிடாதே. நடு அறையில், சன்னல் இல்லாத பக்கம், மேசைமேல் போர்வையைத் தொங்கவிட்டு ஒரு குகை அமைத்துக் கொடு. மின்விசிறி ஓடட்டும். நீ பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது படி. இழுத்து வெளியே கொண்டுவந்து ‘பயப்படாதே’ என்று வீரம் கற்றுக்கொடுக்காதே.

11. மருத்துவரிடம் போக வேண்டிய தூக்கமும் உண்டு. உடம்பு விறைத்து, நுரை தள்ளி, மூத்திரம் போய், பெயர் சொல்லியும் விழிக்காவிட்டால் அது கனவு இல்லை, வலிப்பு. மூக்கு சப்பையான பக் இன நாய்கள் உட்கார்ந்தபடியே தூங்கினால் மூச்சுக்குத் திணறுகின்றன என்று பொருள். குறட்டை அழகு என்று வீடியோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். விளையாடிக்கொண்டிருக்கும்போதே சரிந்து தூங்கிவிடும் நோயும் நாய்களுக்கு உண்டு. டாபர்மேன் நாய்களில் அதற்குக் காரணமான மரபணுவை 1999-இல் ஸ்டான்ஃபோர்டில் கண்டுபிடித்தது, மனிதர்களின் அதே நோயைப் புரிந்துகொள்ளவும் வழி திறந்தது.

வயதான பிறகு வருவது வேறு. பகலெல்லாம் தூங்கும், ராத்திரி எழுந்து சுவரைப் பார்த்து நிற்கும், போன வழி மறந்து குரல் கொடுக்கும். முதுமையில் மூளை தளர்வதால் இரவும் பகலும் அதற்கு இடம் மாறிவிடுகின்றன. சின்ன விளக்கு ஒன்றை எரியவிடு. வழுக்கும் தரையில் படுக்கையிலிருந்து தண்ணீர்ப் பாத்திரம் வரை பாய் விரி. மேசை நாற்காலிகளை இடம் மாற்றாதே. நீ எழுந்து போக வேண்டிய இரவுகள் அப்போது மறுபடி வரும். குட்டியாக வந்தபோது முகம் சுளிக்காமல் எழுந்தவளுக்கு அது பெரிய பாரமாகத் தெரியாது.

12. உன் குடியிருப்பின் வாசலில் தெருநாய்கள் கிடக்கும். அவற்றுக்கு மெத்தை கிடையாது; வெயில் காலத்தில் கார் நிழலும், மழைக்காலத்தில் எஞ்சின் சூடும்தான். காலையில் வண்டியை எடுக்கும்முன் குனிந்து பார். ஹார்ன் அடித்தால் போதும் என்று சொல்வார்கள், நம்பாதே. கிழட்டு நாய்க்குக் கேட்காது. பானெட்டைத் தட்டு, எழுந்து ஓரமாகப் போகும் வரை நில், பிறகு சாவியைத் திருகு.