கையும் கருவியும்

தில்லியில் சாணக்யபுரி என்று ஒரு பகுதி. அயல்நாட்டுத் தூதரகங்கள் பல இங்கே உள்ளன. தமிழ்நாடு இல்லமும் இங்கேதான் இருக்கிறது. இப்பகுதி வீடுகளில் சமையல் வேலை, துப்புரவு வேலை செய்வோர் உண்டு. இந்தப் பாடம் அவர்களுக்கும் உதவும்.

அம்மியில் அரைத்தால் தோள் வலிக்கும். மிக்ஸி வந்தது. வலி குறைந்தது. தமிழ்நாடு அரசு 2011இல் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியை இலவசமாகத் தரத் தொடங்கியது.

இன்று சில வீடுகளில் கைப்பேசியே சுவிட்ச். அதைத் தொட்டால் விளக்கு எரியும். கீசர் சுடும். எழுந்து நடக்க முடியாதவர்களுக்கு இது நல்ல உதவி. ஆனால் இதற்கு மின்சாரம் வேண்டும். இணையம் வேண்டும். கைப்பேசியும் வேண்டும்.

மின்சாரம் நின்றால்? 2012 ஜூலை 31 அன்று வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மாநிலங்களில் மின்சாரம் நின்றது. அங்கே சுமார் 60 கோடி மக்கள் வாழ்ந்தனர். தில்லியில் மெட்ரோ ரயிலும் நின்றது. அம்மிக்கு மின்சாரம் தேவையில்லை.

இன்னொன்று. கீசரில் புகை வருகிறது. வீட்டுக்காரர் வெளியூரில் இருக்கிறார். கைப்பேசி அவர் கையில். வீட்டில் இருப்பது நீங்கள். என்ன செய்வீர்கள்?

ஆகவே, வேலைக்குச் சேரும் நாளே கேளுங்கள்:

1. கீசரைக் கையால் அணைக்கும் சுவிட்ச் எங்கே?
2. மெயின் சுவிட்ச் எங்கே?
3. பேச்சைக் கேட்கும் கருவியோ கேமராவோ வீட்டில் உண்டா?

கேட்பது குறையல்ல. அது உயிரைக் காக்கும். ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதீர்கள்.

பயிற்சி: மின்சாரம் இல்லாமல் இயங்கும் ஐந்து வீட்டுக் கருவிகளின் பெயர்களை எழுதுங்கள்.