சாவியை வாங்குவதற்கு முன்

பெங்களூரில் தாசரஹள்ளியிலிருந்து யஷ்வந்த்பூர் வரை பல வீடுகளில் இன்று கணவன் மனைவி இருவருமே வேலைக்குப் போகிறார்கள். வீட்டில் ஒரு நாயோ பூனையோ இருக்கிறது. ஷிப்ட் மாறும், ஊரில் கல்யாணம் வரும், சாவும் வரும். முன்பெல்லாம் பக்கத்து வீட்டு அக்கா ஒரு தட்டுச் சோறு வைத்துப் பார்த்துக்கொள்வார். இப்போது அந்த அக்காவும் வேலைக்குப் போகிறார். அதனால்தான் கூலி வாங்கிக்கொண்டு பிராணிகளைப் பார்த்துக்கொள்ளும் பெட் சிட்டிங் என்ற தொழில் நம் பக்கத்திலும் வந்திருக்கிறது. கார்மென்ட்ஸிலும் லேத்திலும் வேலை பார்த்த தமிழ்ப் பிள்ளைகள் சிலர், இதில் இறங்கலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள்.

தாராளமாக இறங்கலாம். அமெரிக்காவின் வட கரோலினாவில் பேட்டி மோரான் என்ற பெண்மணி 1983-இல் இதைத் தொடங்கினார். 1987-இல் இந்தத் தொழிலைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். 1994-இல் இந்தத் தொழில்காரர்களுக்கென்று ஒரு சங்கத்தையும் ஏற்படுத்தினார். கௌரவமாகச் செய்தால் குடும்பத்தைக் காப்பாற்றும் தொழில் இது. பிள்ளைகளே, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. உங்கள் வீட்டுக்குப் பிராணிகளைக் கொண்டுவராதீர்கள். அவர்கள் வீட்டுக்கு நீங்கள் போங்கள். ராஜகோபால் நகரிலும் ஹெக்கனஹள்ளியிலும் நாம் இருப்பது லைன் வீடுகளில். கூரை பல இடங்களில் ஷீட்தான். மார்ச், ஏப்ரல் வெயிலில் அதன் கீழ் பக், ஷிட்சூ போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு மூச்சு வாங்கும். இடநெருக்கடியைவிடப் பெரிய ஆபத்து நோய். பார்வோ கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நோயுள்ள ஒரு குட்டி வந்து போன அறையில், ஊசிகள் முடியாத இன்னொரு குட்டியை அடுத்த மாதம் விட்டால்கூட அதற்கு வந்துவிடலாம். உண்ணியும் அப்படித்தான். பழுப்பு நாய் உண்ணி சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்களுக்கு வரும் உண்ணிக் காய்ச்சல் பெரும்பாலும் அதன் மூலம்தான் பரவுகிறது. பூனைக்கோ இடம் மாறுவதே பெரிய பயம். தன் வீட்டில், தன் பாயில், கழிவுக்கான தன் மண் தட்டோடு இருக்கும் பூனை நான்கு நாளைச் சமாளித்துவிடும். பிராணிகளைத் தங்கவைக்கும் போர்டிங் நடத்தத் தனி இடம், கழுவக்கூடிய தரை, தனித்தனி அறை எல்லாம் வேண்டும். அது வேறு தொழில். அதற்கான முதல் சேர்ந்த பிறகு பார்க்கலாம்.

2. மெட்ரோவின் பச்சைப் பாதையை உங்கள் எல்லையாக வையுங்கள். அது 2014 மார்ச்சில் பீன்யாவுக்கும், 2015 மே மாதம் நாகசந்திராவுக்கும், 2024 நவம்பரில் மாதவாராவுக்கும் வந்தது. ஸ்டேஷனிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள வீடுகளை மட்டும் முதலில் எடுங்கள். துமகூரு ரோடு டிராபிக்கில் நீங்கள் மாட்டிக்கொண்டால், பூட்டிய வீட்டுக்குள் ஒரு நாய் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

3. வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன், வீட்டுக்காரர் இருக்கும்போதே ஒருமுறை போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். அதற்குக் காசு கேட்காதீர்கள். இதைத் தவிர்க்கிற இடத்தில் வேலை எடுக்கவே கூடாது. நாயை நீங்களாகத் தொடாதீர்கள். அது வந்து மோந்து பார்க்கட்டும். தடுப்பூசி அட்டையை வாங்கிப் பாருங்கள். வெறிநோய் ஊசி போட்ட தேதி இல்லாவிட்டால், போட்டுவிட்டுக் கூப்பிடச் சொல்லுங்கள். என்ன சாப்பிடும், எவ்வளவு சாப்பிடும், எதைக் கண்டு பயப்படும், முன்பு யாரையாவது கடித்திருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். எந்த மொழி கேட்டு வளர்ந்தது என்பதையும் கேளுங்கள். கன்னட வீட்டு நாய்க்குக் 'கூத்கோ' என்றால்தான் உட்காரத் தெரியும். நம் 'உட்காரு' அதற்கு வெறும் சத்தம்.

அதன்பின் ஒரு தாளில் எழுதி வாங்க வேண்டியவை: வழக்கமாகப் பார்க்கும் கால்நடை மருத்துவரின் பெயர், போன் எண், இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எது, வீட்டுக்காரர் போன் எடுக்காவிட்டால் யார் முடிவெடுப்பார், அவசரத்துக்கு எவ்வளவு வரை செலவு செய்யலாம். கடைசி வரிக்குக் கீழே கையெழுத்து வேண்டும். ராத்திரி பதினோரு மணிக்கு டாக்டர் "ஆபரேஷன் செய்யட்டுமா?" என்று கேட்கும்போது இந்தத் தாள்தான் உங்களுக்குத் துணை.

4. சாவியில் வீட்டு எண்ணையோ பெயரையோ எழுதாதீர்கள்; நிறக் கயிறு கட்டி அடையாளம் வையுங்கள். வாங்கும்போதும் திருப்பித் தரும்போதும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புங்கள். அந்த வீட்டில் இருந்துகொண்டு செல்பி எடுத்துப் போடுவது கூடாது. வீடு பூட்டிக் கிடக்கிறது என்று ஊருக்குச் சொல்வதாகிவிடும்.

5. நாயை நடக்க வைப்பதில், பட்டறைகள் நிறைந்த பீன்யாவுக்கென்று தனி எச்சரிக்கை வேண்டும். இதை அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் மற்ற ஏரியாவில் பழகியவர்களுக்கு இது தெரியாது. பட்டறை வாசலில் லேத் சுருள் சிதறிக் கிடக்கும்; பிளேடு மாதிரி வெட்டும். நடந்து வந்தவுடன் நான்கு பாதத்தையும் விரல் இடுக்கு வரை தடவிப் பார்த்து, வெறும் தண்ணீரில் கழுவித் துடையுங்கள். குட்டையில் தேங்கிய தண்ணீரில் நாய் வாய் வைக்கவே கூடாது. பிளேட்டிங் யூனிட்டுகளால் பீன்யாவின் நிலத்தடி நீரில் குரோமியம் கலந்திருப்பது ஆய்வுகளில் பதிவான விஷயம். லாரி ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் இனிப்பாக இருக்கும், நாய் நக்கும். எத்திலீன் கிளைக்கால் கலந்த வகையாக இருந்தால் சிறிதளவே சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். குடோன் சுவரோரம் எலி விஷம் வைத்திருப்பார்கள். ஆகவே குடிதண்ணீர் பாட்டிலை நீங்களே எடுத்துப் போங்கள். கழுத்துப்பட்டை தளர்வாக இருக்கக் கூடாது. கயிற்றை எந்தக் காரணத்துக்காகவும் அவிழ்க்காதீர்கள். லாரிகள் கூடுவதற்கு முன், விடியற்காலையில் நடப்பதே நல்லது. தெருநாய்கள் கூட்டமாக வந்தால் ஓடாதீர்கள்; உங்கள் நாயை மறுபக்கம் வாங்கிக்கொண்டு மெல்ல விலகுங்கள்.

6. பூனைக்குச் சாப்பாடு வைத்துவிட்டு, பார்க்காமலே திரும்பி வராதீர்கள். கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்தாலும் டார்ச் அடித்துக் கண்ணால் பாருங்கள். இரண்டு மூன்று நாள் சாப்பிடாத பூனைக்கு, அதுவும் கொஞ்சம் குண்டான பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகும். மண் தட்டில் எத்தனை கட்டி இருக்கிறது என்று தினமும் எண்ணுங்கள். ஆண் பூனை தட்டில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால், காலை வரை காத்திருக்காமல் அப்போதே ஆட்டோ பிடியுங்கள். தரையைப் பினாயில் போட்டுத் துடைக்காதீர்கள். அதை நக்கினால் பூனையின் கல்லீரலால் தாங்க முடியாது. பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். நாய்க்கும் மனிதர் மாத்திரையை நீங்களாகக் கொடுக்க வேண்டாம். திராட்சை, வெங்காயம், சாக்லேட்டும் நாய்க்கு விஷம்.

7. உங்கள் உடம்பையும் பாருங்கள். வெறிநோய்க்குக் கடிபடுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளும் தடுப்பூசி உண்டு. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் மருத்துவரிடம் கேட்டு முதலில் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். பல் பட்டாலோ நகம் கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முன்பே ஊசி போட்டவரும் போகத்தான் வேண்டும். 'வீட்டு நாய்தானே' என்று விடாதீர்கள். அறிகுறி தெரிந்த பிறகு வெறிநோயிலிருந்து பிழைப்பது ஏறக்குறைய நடக்காத காரியம்.

8. சட்டம் உங்களையும் கேள்வி கேட்கும். பிராணிகள் வதைத் தடைச் சட்டம் 1960-ஆம் ஆண்டு வந்தது. அதற்காக ராஜ்யசபாவில் முதலில் தனிநபர் மசோதா கொண்டுவந்து போராடியவர் நம் கலாக்ஷேத்திராவின் ருக்மிணி தேவி அருண்டேல். 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவர்தான். அந்தச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, பிராணியைச் சொந்தமாக வைத்திருப்பவருக்கு மட்டும் கடமை விதிக்கவில்லை. அதைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் யாருக்கும் விதிக்கிறது. சாவி உங்கள் கையில் இருக்கும்வரை அந்தப் பொறுப்பாளர் நீங்கள்தான். நீங்கள் பிடித்திருக்கும் நாய் உங்கள் கவனக்குறைவால் ஒருவரைக் கடித்தால், பாரதிய நியாய சம்ஹிதாவின் 291-ஆம் பிரிவும் உங்கள்மேல் வரலாம். இன்னொன்று: அடுக்குமாடி வாசலில் "நாயை லிப்டில் ஏற்றாதே" என்று தகராறு வரும். வளர்ப்புப் பிராணிகளைக் குடியிருப்போர் சங்கம் தடைசெய்ய முடியாது என்று வாரியம் 2015-இல் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. அதற்காக நீங்கள் சண்டைக்கு நிற்க வேண்டாம். செக்யூரிட்டியிடம் கன்னடத்தில் மரியாதையாக இரண்டு வார்த்தை பேசுங்கள், மீதியை வீட்டுக்காரர் பேசட்டும். நாயின் கழிவை அள்ள ஒரு பை எப்போதும் கையில் இருந்தால் பாதித் தகராறு வராது.

9. கூலியைப் பற்றிக் கூச்சப்படாதீர்கள். கம்பெனியில் மாதம் 18,000 ரூபாய்க்கு, 26 நாள், எட்டு மணி நேரம் வேலை என்று வையுங்கள். மணிக்குச் சுமார் 87 ரூபாய் வருகிறது. ஒரு வீட்டுக்குப் போக 20 நிமிடம், அங்கே இருக்க 40 நிமிடம் என்றால் ஒரு மணி நேரம் போகிறது. ஆகவே 87 ரூபாய்க்குக் கீழே போனால் கம்பெனி வேலையே மேல். இதில் உங்களுக்கு பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, போனஸ் இல்லை. மெட்ரோ காசும் வேலை வராத நாட்களும் இருக்கின்றன. அதையெல்லாம் ஏற்றிச் சொல்லுங்கள். "நாயைப் பார்த்துக்கொள்ள இவ்வளவா?" என்று கேட்பவரிடம் இந்தக் கணக்கை அப்படியே காட்டலாம். பண்டிகை நாளுக்குத் தனி விலை, பாதி அட்வான்ஸ்.

10. முதல் ரூபாயிலிருந்தே நோட்டில் எழுதுங்கள். 2025 ஜூலையில் யு.பி.ஐ. வரவை வைத்துக் கர்நாடக வணிகவரித் துறை சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியபோது, எழுதி வைத்தவர்கள் பதில் சொன்னார்கள், எழுதாதவர்கள் திணறினார்கள். சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம், நீங்கள் அந்த அளவுக்கு வர நாளாகும். ஆனால் தொழில் வரவும் அண்ணன் அனுப்பிய பணமும் ஒரே கணக்கில் கலந்து கிடந்தால் பிரித்துச் சொல்ல முடியாது. தனிக் கணக்கு தொடங்குங்கள். உத்யம் பதிவு இலவசம். அதற்குத் தரகருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

11. தீபாவளி வாரத்தில் புதிய வாடிக்கையாளரை எடுக்க வேண்டாம். அந்த வாரம்தான் எல்லோரும் கூப்பிடுவார்கள், ஆசையும் வரும். வெடிச் சத்தத்தில் அமைதியான நாயும் கதவைப் பிறாண்டும், சுவர் ஏறும், ஓடிவிடும். உங்களை நம்பி மடியில் தலை வைக்கிற நாயைத்தான் அன்றைக்குச் சமாளிக்க முடியும். சூரியன் மறைவதற்கு முன் வெளியே கூட்டிப்போய் வந்துவிடுங்கள். ஜன்னலைச் சாத்தி, பேன் போட்டு, கூடவே உட்காருங்கள்.

12. தொழிலை வளர்ப்பது பற்றி எல்லோரும் கேட்கிறீர்கள். காலை ஆறு மணிக்குத் தொடங்கி வீட்டுக்கு ஒரு மணி நேரம் என்றால், நான்காவது வீட்டு நாய் ஒன்பது மணி வரை சிறுநீரை அடக்கிக்கொண்டிருக்கும். ஒருவர் காலையில் மூன்று வீட்டைத்தான் நன்றாகப் பார்க்க முடியும் என்பது என் முடிவு. நான்காவது வீடு வந்தால், நேரத்தைக் குறைக்காமல் ஆளைச் சேருங்கள். பழைய வாடிக்கையாளர் வீட்டில் அந்த ஆள் உங்களோடு பல நாள் வரட்டும். வீட்டுக்காரரும் நாயும் அவரை ஏற்றுக்கொண்ட பிறகுதான் சாவி கைமாற வேண்டும். சொல்லாமல் வேறொருவரை அனுப்புவது நம்பிக்கைத் துரோகம். விளம்பரத்துக்குச் செலவு செய்வதைவிட, பக்கத்துக் கால்நடை கிளினிக்கில் உங்கள் எண்ணைக் கொடுத்து வையுங்கள். அங்கே இருக்கும் கம்பவுண்டர் சொல்கிற ஒரு நல்ல வார்த்தைக்கு ஈடான விளம்பரம் இல்லை.

13. கடைசியாக, இன்னும் யாரும் சரியாகக் கையில் எடுக்காத ஒரு வேலை பீன்யாவில் இருக்கிறது. சிறு கம்பெனிகள் பலவற்றில் வாசலில் இரண்டு நாய், ஸ்டோரில் எலி பிடிக்கும் ஒரு பூனை உண்டு. தொழிலாளர்களின் டிபன் மிச்சம்தான் அவற்றின் சாப்பாடு. ஆயுத பூஜைக்கு மெஷின்களுக்குப் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, ஷட்டரை இறக்கிவிட்டு எல்லோரும் ஊருக்குப் போய்விடுவார்கள். அந்த நாட்களில் அவை பட்டினி. முதலாளிகள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. யாரிடம் சொல்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. தினம் ஒருமுறை சோறும் தண்ணீரும் வைத்து, போட்டோ அனுப்ப ஒரு ஆள் இருக்கிறார் என்று தெரிந்தால் நியாயமான கூலி தருவார்கள். ஆண்டுக்கு ஒருமுறை வெறிநோய் ஊசி போடும் பொறுப்பையும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம். அடுத்த ஆயுத பூஜைக்குப் பத்து நாள் முன்பே உங்கள் கிராஸில் இருக்கும் கம்பெனிகளுக்குப் போய்க் கேளுங்கள்.